கம்பியா, அலைனரா? போடுகிற விலையும் முடிக்கிற விலையும்

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. இப்போது பல் போகவே வேண்டாம், கொஞ்சம் கோணலாக இருந்தாலே போதும். குரூப் போட்டோ எடுக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. "எத்துப்பல்லு", "தேங்கா துருவி" என்று ஆறாம் வகுப்பில் யாரோ வைத்த பட்டப்பெயர் காலேஜ் வரைக்கும் கூடவே வருகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் வேறு, ஜாதகத்தோடு சேர்த்துப் பல்லையும் பார்க்கிறார்கள்!

ஒரு காலத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பல் டாக்டரிடம் போவது என்றால் சொத்தைப் பல்லைப் பிடுங்க, இல்லாவிட்டால் தாத்தாவுக்குப் பல்செட் கட்ட. இன்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் "கிளிப் போடணும் டாக்டர்" என்கிறார்கள். அங்கே இரண்டு விலை சொல்லப்படுகிறது. ஒன்று, பல்லில் ஒட்டுகிற உலோகக் கம்பி. இன்னொன்று, வெளியே தெரியாத பிளாஸ்டிக் உறை, அதாவது கிளியர் அலைனர். கம்பி மலிவு, அலைனர் காஸ்ட்லி. இது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அங்கே சொல்லப்படுவது போடுகிற விலை. முடிக்கிற விலை எவ்வளவு என்று கேட்கிறவர்கள் குறைவு. காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற குடும்பத்துக்கு அந்த இரண்டாவது விலைதான் முக்கியம்.

இரண்டும் செய்வது ஒரே வேலை

பல், சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு இருக்கிறது. ஒரு பக்கமாக லேசான அழுத்தம் தொடர்ந்து இருந்தால், அழுத்துகிற பக்கம் எலும்பு கரையும்; எதிர்ப்பக்கம் புது எலும்பு வளரும். பல் மெதுவாக நகரும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான். அவசரப்பட்டு ஓங்கி இழுத்தால் வேரே கரைகிற ஆபத்து உண்டு. ஆகவே எவ்வளவு பணம் கொட்டினாலும் நெருக்கமாக முளைத்த பல்வரிசை மூன்று மாதத்தில் நேராகிவிடாது. சாதாரணமாக ஒன்றரை வருஷம் முதல் இரண்டு வருஷம் ஆகும்.

அமெரிக்காவின் எட்வர்டு ஆங்கிள் என்பவர் 1899ல் பற்கள் கடிக்கும் விதத்தை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் டாக்டர்கள் அந்த வகைப்பாட்டைத்தான் சீட்டில் எழுதுகிறார்கள். 1928ல் அவர் வெளியிட்ட எட்ஜ்வைஸ் முறை இன்றைய கம்பிக்குத் தாத்தா. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்ட வேண்டும். 1955ல் மைக்கேல் புவனோகோர், எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிளாஸ்டிக் பசை நன்றாகப் பிடிக்கும் என்று காட்டினார். அதற்குப் பிறகுதான் சின்னச் சின்ன பிராக்கெட்டுகளைப் பல்லின் முகத்திலேயே ஒட்டுவது சாத்தியமானது. 1970களில் நிக்கல் டைட்டானியம் கம்பி வந்தது. எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும் கம்பி அது. பல்லை இழுப்பது அந்தப் பிடிவாதம்தான்!

அலைனர் ரொம்பப் பிந்தி வந்தது. 1997ல் கலிபோர்னியாவில் ஜியா சிஷ்டி, கெல்சி வெர்த் என்ற இரண்டு ஸ்டான்போர்டு மாணவர்கள் ஆரம்பித்த அலைன் டெக்னாலஜி என்ற கம்பெனிதான் இன்விசலைனைக் கொண்டுவந்தது. பல் இப்போது இருக்கும் இடத்திலிருந்து போக வேண்டிய இடம் வரைக்கும் உள்ள பாதையைக் கம்ப்யூட்டரில் படிப்படியாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு உறை. ஒரு உறை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகர்த்தும். ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் அடுத்த உறைக்கு மாற வேண்டும். அந்தக் கம்பெனியின் முக்கியமான பேடண்டுகள் 2017 முதல் காலாவதியாக ஆரம்பித்தன. அதன் பிறகு இந்தியக் கம்பெனிகள் உட்படப் பலரும் களத்தில் இறங்கினார்கள், விலையும் கொஞ்சம் இறங்கியது.

நடைமுறையில் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கம்பி, பிள்ளை தூங்கினாலும் விளையாடினாலும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அலைனர் வாயில் இருந்தால்தான் வேலை செய்யும், அதுவும் ஒரு நாளைக்கு 22 மணி நேரம். மிச்சம் இருப்பது இரண்டே மணி நேரம். மூன்று வேளைச் சாப்பாடு, பல் தேய்ப்பது, டீ எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஆமாம், டீயும்தான். தண்ணீர் தவிர வேறு எது குடித்தாலும் கழற்ற வேண்டும். சூட்டில் பிளாஸ்டிக் நெளியும், கறையும் பிடிக்கும். ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிற ஊரில் இது லேசான காரியமா, யோசித்துப் பாருங்கள்.

முதலில் சொல்லப்படும் விலை

சின்ன ஊர் கிளினிக்குகளில் உலோகக் கம்பிக்குப் பெரும்பாலும் ரூ.25,000 முதல் ரூ.50,000 வரை சொல்கிறார்கள். பல் நிறத்திலேயே இருக்கும் செராமிக் கம்பி என்றால் அதைவிடப் பத்து, பதினைந்தாயிரம் கூட. அலைனர் என்றால் லேசான கோணலுக்கு இந்தியத் தயாரிப்பு ஐம்பதாயிரத்தை ஒட்டி ஆரம்பித்து ஒரு லட்சத்தைத் தாண்டும். வெளிநாட்டு பிராண்டு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம், அதற்கு மேலும் போகும். ஊர், டாக்டர், பல்லின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து எல்லாமே மாறும்.

"ஆனா அலைனருக்கு அடிக்கடி வரவேண்டாம்மா, பஸ் செலவு மிச்சம்" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் சொல்லப்படாத விலை

மயிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திண்டிவனத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட அம்மா வருவார். இருவருக்கும் பஸ், டீ, டிபன் ரூ.150. அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகாததால் போகும் கூலி ரூ.400. ஆக ஒரு தடவைக்கு ரூ.550. கீழே இருப்பவை வெறும் உதாரண எண்கள். அவரவர் டாக்டர் சொன்ன எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

கம்பி:
டாக்டர் கட்டணம் ரூ.40,000
எக்ஸ்ரே (ஓ.பி.ஜி. உட்பட) ரூ.1,500
இடத்துக்காக நாலு பல் எடுப்பது ரூ.3,200
நடுவில் பல் சுத்தம் ரூ.1,500
கழன்று விழுந்த பிராக்கெட்டுகள் ரூ.1,500
முடிந்த பிறகு ரீடெய்னர் ரூ.4,000
22 தடவை போக்குவரத்தும் கூலியும் ரூ.12,100
மொத்தம் ரூ.63,800

அலைனர்:
கட்டணம் ரூ.1,20,000
எக்ஸ்ரே ரூ.1,500
தொலைந்த உறைக்கு மாற்று ரூ.3,000
ரீடெய்னர் இரண்டு செட் ரூ.8,000
10 தடவை போக்குவரத்தும் கூலியும் ரூ.5,500
மொத்தம் ரூ.1,38,000

இரண்டு விஷயம் இதில் தெரிகிறது. முதலாவது, நாற்பதாயிரம் என்று சொன்ன கம்பி உண்மையில் அறுபதாயிரத்தைத் தாண்டுகிறது. அலைனரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் இந்த இருபத்து நாலாயிரத்தைப் பற்றித்தான் குடும்பம் கவலைப்பட வேண்டும். இரண்டாவது, அலைனரால் மிச்சமாகும் பயணம் 12 தடவை, அதாவது ரூ.6,600. மொத்த வித்தியாசமோ ரூ.74,200. அதை வெறும் பயணத்திலேயே ஈடுகட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவைக்கும் மேலும் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டமாகிற ஆளாக இருக்க வேண்டும். அப்படிச் சம்பாதிக்கிறவர்கள் இந்தக் கணக்கையே போடமாட்டார்கள்!

இன்னொன்று. அலைனருக்காகச் சென்னைக்குப் போகிறவர்களும் உண்டு. திண்டிவனத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 125 கிலோமீட்டர், விழுப்புரத்திலிருந்து 160. இருவர் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பயணம், சாப்பாடு, கூலி சேர்த்து ரூ.1,200 என்று வைத்தால் பத்துத் தடவைக்கு ரூ.12,000. உள்ளூரில் கம்பிக்கு 22 தடவை போனதும் கிட்டத்தட்ட அதே தொகைதான். எத்தனை தடவை போக வேண்டும் என்று கேட்டால் மட்டும் போதாது, எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

தவணை யாரிடம்?

விலையைவிடப் பெரிய விஷயம், பணம் எப்போது, யார் கைக்குப் போகிறது என்பது.

கம்பிக்கு நம் பக்கத்து கிளினிக்குகளில் பொதுவாக நடப்பது இதுதான். கம்பி ஒட்டும் அன்று ஒரு தொகை, பிறகு ஒவ்வொரு மாதமும் டாக்டரைப் பார்க்கும்போது ஆயிரமோ இரண்டாயிரமோ. பிள்ளை வந்தால்தான் டாக்டருக்குப் பணம், டாக்டர் பார்த்தால்தான் குடும்பம் பணம் தரும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. மல்லாட்டை விற்ற காசு வந்ததும் மொத்தமாகக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லலாம், கேட்பவரும் ஊர்க்காரர். இது ரொம்ப நல்ல ஏற்பாடு. ஆனால் யாரும் இதைக் கம்பியின் லாபங்களில் ஒன்றாகச் சொல்வதில்லை.

அலைனர் அப்படி இல்லை. உறைகளைக் கம்பெனி மொத்தமாகவோ தொகுதி தொகுதியாகவோ தயாரித்து அனுப்புகிறது. அதனால் பணத்தின் பெரும்பகுதி முன்னாலேயே போய்விடுகிறது. கையில் இல்லாதவர்களுக்கு ஈ.எம்.ஐ. அந்த ஈ.எம்.ஐ. பெரும்பாலும் டாக்டரிடம் அல்ல, ஒரு பைனான்ஸ் கம்பெனியிடம். சிகிச்சை ஒரு பக்கம் நின்றுபோனாலும் கடன் இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற கம்பெனி 2014ல் தொடங்கியது. டாக்டரிடம் நேரில் போகாமலே வீட்டுக்கு அலைனர் அனுப்புவோம், கம்பியைவிட மலிவு என்பதுதான் அவர்கள் விளம்பரம். 2019ல் பங்குச் சந்தைக்கே வந்தார்கள். 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தார்கள், டிசம்பரில் கடையை மூடினார்கள். பாதிப் பல் நகர்ந்த நிலையில் இருந்தவர்களிடம், உள்ளூர்ப் பல் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லப்பட்டது. ஆயுள் உத்தரவாதம் என்று கொடுத்ததும் அத்தோடு போச்சு. தவணையில் கட்டி வந்தவர்கள் தொடர்ந்து கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வேறு! பங்குச் சந்தையில் இருந்த கம்பெனிக்கே அந்த நிலைமை என்றால், யார் தயாரித்தது என்றே தெரியாத உறைக்கு முழுப் பணத்தையும் முன்னால் கட்டுவது எந்த ஊர் புத்திசாலித்தனம்?

முடிக்காமல் விட்டால்

கம்பியிலும் ஏமாற்றம் உண்டு. போட்டுக்கொண்டு பாதியில் விடுவதுதான் அது. பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று மூன்று மாதம் போகவில்லை. அப்புறம் காலேஜுக்குச் சென்னை, கோயம்புத்தூர் என்று போயாயிற்று. கல்யாணமாகி வேறு ஊர். கம்பி வாயிலேயே இருக்கிறது. அதன் ஓரங்களில் சாப்பாடு தங்கி, பல்லில் வெள்ளைத் திட்டு விழுந்து, கடைசியில் சொத்தை. நேராகவும் ஆகவில்லை, இருந்த நல்ல பல்லும் கெட்டது. இடையில் டாக்டர் மாறினால் புது டாக்டர் பழைய கம்பியைக் கழற்றி முதலிலிருந்து தொடங்கலாம், மறுபடியும் கட்டணம்.

ஆகவே காலம் பார்த்துத் தொடங்குவது பாதிச் செலவை மிச்சப்படுத்தும். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். எட்டாம் வகுப்பில் போட்டால் பத்தாவது பரீட்சைக்குள் முடிக்கலாம். பிளஸ் டூவில் போட்டால் கம்பியும் பிள்ளையும் வேறு வேறு ஊரில்தான் இருக்கும்.

ரீடெய்னரையும் மறக்கக் கூடாது. பல் நேரானதும் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க உள்பக்கம் ஒட்டிய மெல்லிய கம்பியோ, இரவில் மாட்டும் தட்டோ வருஷக்கணக்கில் வேண்டும். கம்பியானாலும் அலைனரானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. இரண்டு வருஷம் செலவழித்துவிட்டு ரீடெய்னருக்கு நாலாயிரம் அதிகம் என்று விடுகிறவர்கள் மொத்தப் பணத்தையும் தண்ணீரில் போட்டவர்கள்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு உள்ள வழி

விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில் முக்கோணம் மாதிரி இருக்கின்றன. இது ஒரு அதிர்ஷ்டம் என்றே சொல்லலாம். புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலைக் கல்லூரி இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற வழியில் அரியூரில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி. திண்டிவனத்திலிருந்து சென்னைப் பாதையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி பல் மருத்துவக் கல்லூரி. விழுப்புரத்திலிருந்து ரயிலேறினால் சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இப்போது அரசு நிர்வாகத்தில் இருக்கும் கல்லூரி. சென்னைக்கே போக முடிந்தால், எழும்பூரில் இறங்கி மின்சார ரயிலில் இரண்டாவது ஸ்டேஷனான கோட்டையில் இறங்கினால் பக்கத்திலேயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. அது 1953லிருந்து இருக்கிறது.

கல்லூரி மருத்துவமனைகளில், குறிப்பாக அரசுக் கல்லூரிகளில், செலவு தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. எம்.டி.எஸ். படிக்கும் டாக்டர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் கம்பி போடுவார்கள். நேரம் அதிகம் ஆகும், காத்திருக்க வேண்டும். எம்.டி.எஸ். மூன்று வருஷப் படிப்பு என்பதால், நம் பிள்ளையின் சிகிச்சை முடிவதற்குள் அந்த டாக்டர் படித்து முடித்துப் போய்விட்டால் ஜூனியர் கையில் மாறும். அதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு நிம்மதி. டாக்டர் மாறினாலும் கல்லூரி எங்கேயும் ஓடிப்போகாது.

உள்ளூர் கிளினிக்கில் போடுவதானால், பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். முடித்தவர் எந்தக் கிழமை வருவார் என்று கேளுங்கள். சின்ன ஊர்களில் அவர்கள் மாதத்தில் சில நாள் மட்டும் வெளியூரிலிருந்து வந்து போவது வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் திடீரென்று கம்பி குத்தினால் யாரைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் அலைனர் வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொன்னால் அது நியாயமில்லை. கம்பி போட்டவர்களுக்குத் தெரியும், முதல் வாரம் சாதமே மெல்ல முடியாது. கன்னத்தில் புண். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்று ஊர்ப் பெயரிலேயே மல்லாட்டை ரகங்களைக் கொடுத்திருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு இரண்டு வருஷம் வறுத்த மல்லாட்டையை ஆசைதீரக் கடிக்க முடியாது! பொங்கல் வந்தால் கரும்பைக் கடிக்க முடியாது. அலைனரைக் கழற்றி வைத்துவிட்டுக் கடிக்கலாம். பல் தேய்ப்பதும் சுலபம், சொத்தை வரும் வாய்ப்பும் குறைவு. வேலைக்குப் போய், ஆட்களோடு பேசிப் பிழைக்கிற இருபத்தைந்து வயதுக்காரருக்கு லேசான இடைவெளியோ கோணலோ இருந்தால், சொந்தச் சம்பளத்தில் அலைனர் போடுவது அவர் இஷ்டம். நல்ல டாக்டர் கையில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அவர் வாங்குவது வெளியே தெரியாமல் இருக்கும் வசதியை. சிக்கனத்தை அல்ல. அதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைக்கு, அதுவும் பல் எடுத்து இடம் அடைக்க வேண்டிய அளவுக்கு நெருக்கடி இருந்தால், இந்த மாவட்டத்தில் உலோகக் கம்பிதான் சரி. விலை குறைவு என்பதற்காக மட்டும் இல்லை. 22 மணி நேரம் மாட்டினாயா என்று யாரும் காவல் இருக்க வேண்டாம், பஸ்ஸில் தொலைக்க முடியாது, கடன் வாங்க வேண்டாம், கழன்றால் ஒட்டித் தர பக்கத்தில் ஆள் இருக்கிறது. முடியும் என்ற நம்பிக்கை அதில்தான் அதிகம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பல்லை நேராக்கியே ஆக வேண்டுமா? சாப்பாடு மெல்லவோ, பேசவோ, சுத்தமாகத் தேய்க்கவோ கஷ்டம் இருந்தால் நிச்சயம் வேண்டும். முன்பல் ரொம்ப நீட்டிக்கொண்டிருந்தால் விழுந்து அடிபடும் ஆபத்தும் உண்டு. பிள்ளையே கூச்சப்பட்டுச் சிரிக்காமல் இருந்தால் அதுவும் நியாயமான காரணம்தான். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் போட்டாள் என்பதற்காகவும், ஒரே ஒரு தெத்துப்பல்லுக்காகவும் நகையை அடகு வைப்பது தேவையில்லை. தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று சொன்ன பாட்டிகள் வாழ்ந்த ஊர் இது.

போடுவது என்று முடிவாகிவிட்டால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் டாக்டரிடம் நாலே கேள்வி. எக்ஸ்ரே முதல் ரீடெய்னர் வரைக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எத்தனை மாதம், எத்தனை தடவை வரவேண்டும்? நடுவில் நீங்களோ நாங்களோ ஊர் மாறினால் என்ன ஏற்பாடு? முதல் முறை சரியாக வராவிட்டால் மறுபடி செய்வதற்குத் தனிக் கட்டணமா? பதிலை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிற டாக்டரிடமே போடுங்கள், அது கம்பியானாலும் சரி, அலைனரானாலும் சரி.